வான் வெக்காத குளம்

வா மனே, இரி. அந்தக் கதிரையில இரிக்காத, அதுட பின்னங்கால் ஒண்டு ஆடும். பாயில இரி. உம்மா அனுப்பித்தான் வந்திரிக்காய் எண்டு உன்ட மொகத்துலயே எழுதி ஒட்டியிரிக்கி. "மூத்தவாப்பாட்டப் போய் நாலு புத்தி கேட்டுட்டு வா" எண்டிருப்பா. நல்ல புத்தி வேணுமெண்டா வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போ, ஹஸ்ரத் மைக்குல சொல்லுவார், காசும் கேக்க மாட்டார். என்னட்ட இரிக்கிறது கொஞ்சம் பழுதான புத்தி. 75 வருசம் பாவிச்சது.

நேத்து நடந்ததை நானே கண்டன். அஸர் தொழுதுட்டு வாறன், நீ குசினிக்குள்ள குந்திக்கிட்டு, தண்ணிக்குடத்து மூடிக்கு மேல உம்மாட போனை வெச்சு, கொப்பி மட்டையால விசிறிக்கிட்டு இரிக்காய். காய்ச்சக்காரப் புள்ளைக்கு விசிறுற மாதிரி. என்ன மனே எண்டு கேட்டா, "சூடாகி ஹேங் ஆகிட்டு மூத்தவாப்பா" எண்டாய். பொறகு மெல்ல மெல்ல விசயம் வெளிய வந்திச்சு. மைன்கிராஃப்ட் எண்டு ஒரு விளையாட்டாம். கட்டி கட்டியா அடுக்கி ஊடு கட்டுறதாம். ஊரெல்லாம் அதுல ஊடு கட்ட, நீ மட்டும் சிவப்பு வெடிக்கட்டியை மலை மாதிரிக் குவிச்சு, ஒரே தரத்துல பத்த வெச்சிரிக்காய். ஆயிரத்துக்கு ஓடிச்சாம். அஞ்சாயிரத்துக்கு நொண்டிச்சாம். பத்தாயிரத்துல படம் உறைஞ்சு, போன் கறுத்து, கத்தார்ல இருந்து உன்ட வாப்பா கோல் எடுக்கிற நேரம் பார்த்து மௌத்தாப் போச்சாம்.

உம்மா ஏசினா. ஏசத்தான் வேணும், அது அவட போன். ஆனா நான் உன்னட்ட ஒரு கேள்வி கேட்டன், ஞாபகமா? "பத்தாயிரம் எண்டு எண்ணினியா மனே?" எண்டு கேட்டன். நீ தலையச் சொறிஞ்சிக்கிட்டு "சும்மா ஒரு மதிப்பு" எண்டாய். அந்த இடத்துலதான் எனக்குக் கோவம் வந்திச்சு. உடைச்சதை மன்னிக்கலாம். எண்ணாம உடைச்சதை எப்படி மன்னிக்கிறது?

கேள். எனக்கு உன்ட வயசு இரிக்கக்குள்ள, கரைவாகு வட்டையில இருந்து நெல்லு மூடை மாட்டு வண்டியில வரும். சூடடிச்சு முடிஞ்ச ஒரு நாள், வாப்பா களத்துல கணக்குப் பார்த்துக்கிட்டு இருந்தார். நான் வண்டியில மூடை ஏத்தினன். கூட நிண்ட பொடியன்மார் "இன்னொண்டு தாங்கும், இன்னொண்டு தாங்கும்" எண்டானுகள். எனக்கும் பார்க்கணும் போல ஆசை. ஏத்தினன், ஏத்தினன், கடைசியா ஒரு மூடையை மேல தூக்கிப் போட்டன் பார், டப்பெண்டு ஒரு சத்தம். அச்சு ரெண்டாப் போச்சு. மாடு ரெண்டும் ஒண்டை ஒண்டு பார்த்துச்சு. வாப்பா வந்தார். சத்தம் போடல்ல. முறிஞ்ச அச்சைத் தடவிப் பார்த்துட்டு, "எத்தினயாவது மூடையில முறிஞ்சது?" எண்டு கேட்டார். எனக்குத் தெரியல்ல. அப்பதான் ரெண்டு வெச்சார், முதுகு பழுக்க. "ஒரு வண்டியை உடைச்சிட்டாய், அதுல ஒரு கணக்காவது மிஞ்சியிருக்க வேணாமா?" எண்டார். அந்த அச்சு புளியம் மரத்துல செஞ்சது. அடுத்த அச்சுக்கு எத்தினை மூடை ஏத்தலாம் எண்டு இண்டைக்கு வரைக்கும் எங்கட குடும்பத்துல ஒருத்தருக்கும் தெரியா.

இப்ப எண்ணி உடைச்சவன் ஒருத்தன்ட கதை சொல்றன். உன்ட வாப்பா பொடியனா இரிக்கக்குள்ள, கையளவு பெட்டி ஒண்டு வெச்சிருந்தான். பிரிக் கேம் எண்டு பேர். மட்டையில 9999 விளையாட்டு எண்டு பெரிசா அடிச்சிருக்கும். தொறந்து பார்த்தா உள்ளுக்கு இரிக்கிறது பத்துப் பன்னிரண்டுதான், மத்ததெல்லாம் அதையே வேகத்தைக் கூட்டிக் கூட்டிக் காட்டுறது. தேர்தல் நோட்டீஸ் மாதிரி. அதுல முதல் விளையாட்டு, மேல இருந்து கல்லு விழும், நீ அதைக் கிறுக்கிக் கிறுக்கி இடைவெளி இல்லாம அடுக்கணும். ஒரு வரி நிரம்பினா அந்த வரி மறைஞ்சிடும். செங்கல் வாடியில வேலை செஞ்சவனுக்கு இதுல ஒரு புதினமும் இல்ல. அந்த விளையாட்டுக்குப் பேர் டெட்ரிஸ். 1984 ல மாஸ்கோவுல அலெக்ஸி பஜித்னோவ் எண்டவன் செஞ்சது. ஜப்பான்காரன் நிண்டெண்டோ, 1989 ல அதை டிவியில மாட்டி விளையாடுற பெட்டிக்குள்ள போட்டான்.

அந்தப் பெட்டியில படி படியா வேகம் கூடும். 29 ஆம் படிக்குப் போனா கல்லு விழுகுற வேகம் எப்படி எண்டா, இருபது வரி உயரத்தையும் ஒரு செக்கன்ல மூண்டில ஒரு பங்குக்குள்ள தாண்டிடும். பட்டனை அமுக்கிப் பிடிச்சா, கல்லு ஓரத்துக்குப் போக முன்னமே தரையில இரிக்கும். அதைச் செஞ்சவனுகள் என்ன நினைச்சிருப்பானுகள்? "எவன் இவ்வளவு தூரம் வரப்போறான்?" எண்டு நினைச்சு, கொட்டாவி விட்டுட்டுப் படுத்திருப்பானுகள். உலகமும் இருபது வருசமா அதை நம்பிச்சு. 29 தான் சுவர் எண்டு.

2011 ல தோர் ஆக்கர்லண்ட் எண்டவன், 1990 ல நிண்டெண்டோ வெச்ச பெரிய போட்டியில வென்றவன், விரலை நடுங்க வெச்சு மளமளவெண்டு தட்டி 30 ஆம் படிக்கு வந்து காட்டினான். பொறகு புதுப் பொடியன்மார் வந்தானுகள். அவனுகள் கண்டுபிடிச்ச வித்தையைக் கேட்டா நீ சிரிப்பாய். பட்டனை அமுக்குறதே இல்ல. பெருவிரலைப் பட்டனுக்கு மேல சும்மா வெச்சிக்கிட்டு, மத்தக் கையால பட்டன் இரிக்கிற கைப்பிடிட முதுகுல நாலு விரலையும் வரிசையா உருட்டித் தட்டுறது. ஒவ்வொரு தட்டுக்கும் கைப்பிடி எழும்பி வந்து பெருவிரல்ல முட்டும். மனே, இது நம்மட ரபான் தட்டுறதுதான்! பக்கீர்மார் விரலை உருட்டுற அதே உருட்டு. நம்மளுக்கிட்ட எத்தினை பேர் ரபான் தட்டினான், ஒருத்தனுக்காவது இந்த யோசனை வந்திச்சா?

அந்த உருட்டல்ல வந்தவன்தான் வில்லிஸ் கிப்சன். அமெரிக்காவுல ஒக்லஹோமா மாகாணத்துல ஸ்டில்வாட்டர் எண்ட ஊர். வயசு 13. உன்னை விட ரெண்டு வயசு கொறைய. 2023 டிசம்பர் 21 ஆம் தேதி, நாப்பது நிமிசத்துக்குக் கிட்ட ஒரே இருப்புல இருந்து, 157 ஆம் படியில அந்தப் பெட்டியை உறைய வெச்சான். அந்தப் பெட்டி வந்து 34 வருசத்துல ஒரு மனுசன்ட விரலால அது உறைஞ்சது அதுதான் முதல் தரம்.

நாப்பது நிமிசம் எண்டு லேசாச் சொல்லிட்டன். இடையில என்னெல்லாம் நடந்திச்சு தெரியுமா? 138 ஆம் படியில இருந்து பெட்டிட நிறக் கணக்குக் கொழம்பிடும். நிறம் எழுதி வெச்ச பக்கம் முடிஞ்சு, பக்கத்துல என்ன கெடக்கோ அதை எடுத்து நிறம் எண்டு பூசும். 146 ஆம் படி வந்தா கல்லெல்லாம் மஃரிப் நேரத்து இருட்டு மாதிரி. 148 ல அடுப்புக்கரி. கறுத்த சுவருக்கு முன்னால கறுத்த கல்லு விழுகுது, அதை வேகமா அடுக்கணும். கரண்ட் போன இரவுல குசினியில உப்புப் போத்தல் தேடுற உம்மாவைத் தவிர வேற ஆருக்கு இது ஏலும்?

உறைஞ்சது ஏன் எண்டு கேட்டியா? கேக்க மாட்டாய், நீ வெடி வெக்கிறவன். நான் சொல்றன். அந்தப் பெட்டிட மூளைக்குப் பெருக்கல் தெரியா. கூட்டல் மட்டும்தான். ஒரு வரி நிரப்பினா 40 புள்ளி, அதை எத்தினயாவது படியோ அதுக்கு ஒண்டு கூட்டிப் பெருக்கணும். 157 ஆம் படியில 40 ஐ 158 தரம் கூட்டணும். சந்தையில சில கடைக்காரர் கிலோ 158 ரூவா எண்டா நாப்பது கிலோவுக்கு விரல் மடிச்சு மடிச்சு எண்ணுவார் பார், அந்த மாதிரி. அவர் எண்ணி முடிக்க முன்னமே அடுத்த ஆள் வந்து "காக்கா, உள்ளி எவ்வளவு?" எண்டு கேட்டா என்ன ஆகும்? கணக்கும் போச்சு, உள்ளியும் போச்சு, கடைக்காரர் முழிச்சிக்கிட்டு நிப்பார். அந்தப் பெட்டியிலும் ஒரு செக்கனுக்கு அறுபது தரம் படம் மாத்தச் சொல்லி ஒரு ஆள் வந்து கூப்பிடுவான். கீழ்ப் படியில கணக்கு கெதியா முடிஞ்சிரும், பிரச்சினை இல்ல. 155 ஆம் படியில இருந்து, கூட்டி முடிக்க முன்னமே ஆள் வந்து நிக்கிறான். அந்தச் சந்தியில பெட்டி முழிச்சு நிண்டிச்சு.

இங்கதான் நீ காது குடுத்துக் கேக்கணும். இதைக் கிப்சன் மொட்டையாப் போய் முட்டிப் பார்க்கல்ல. அவனுக்கு முன்னமே ஆக்கள் இருந்து, பெட்டிக்குள்ள எழுதின கட்டளையெல்லாம் பிரிச்சுப் படிச்சு, எந்தப் படியில எப்படி வரியை நிரப்பினா உறையும் எண்டு அட்டவணை போட்டு வெச்சிருந்தானுகள். 155 ல ஒரு சந்தர்ப்பம் வந்திச்சு, அவன் தவற உட்டுட்டான். 157 ல புடிச்சான். நம்மட கரைவலைக்காரன் சாளை மீன் பாடு பார்க்கிற மாதிரி, தண்ணிட நெறம் பார்த்து, காத்து பார்த்து, இந்த இடத்துலதான் எண்டு வளைச்சவன்.

அவன் செஞ்சது உலகமெல்லாம் செய்தியாப் போச்சு. லண்டன் டிவியில செய்தி வாசிக்கிற ஒரு பொம்புள, தானும் ஒரு தாய் எண்டு சொல்லி, வெளிய போய்க் கொஞ்சம் நல்ல காத்து வாங்கச் சொன்னாளாம். பார்த்தியா, கடல் தாண்டினாலும் உம்மாமார் எல்லாரும் ஒரே பாடசாலைதான். சனம் அந்தப் பொம்புளைக்கு ஏசிச்சாம். எனக்கு ஏச மனம் இல்ல. ஆனா அந்தப் புள்ளைட வாப்பா அந்த மாசம்தான் மௌத்தாகியிருந்தார், அந்த ஆட்டத்தை அவருக்காக எண்டுதான் அவன் சொன்னான். புத்தி சொல்ல முன்னம் புள்ளைட ஊட்டுல என்ன நடந்திரிக்கி எண்டு ஒருக்கா விசாரிச்சா நல்லம். அது எனக்கும் சேர்த்துத்தான்.

சரி, பிளேன்டி குடி. ஆறிப் போகுது.

பெட்டிகள் ஏன் இப்படி ஒரு இடத்துல மூக்கை உடைக்குது எண்டு இப்ப விளங்கப்படுத்துறன். ஒரு சுவர்ல ரெண்டு பல்பு இரிக்கி எண்டு வெச்சிக்கோ. ரெண்டும் நூந்து கெடக்கலாம், முதலாவது மட்டும் எரியலாம், ரெண்டாவது மட்டும் எரியலாம், ரெண்டும் எரியலாம். நாலு விதம். மூணு பல்புக்கு எட்டு விதம். எட்டுப் பல்புக்கு 256 விதம். அந்தக் காலத்துப் பெட்டிக்கு எண்ணுறதுக்கு இரிக்கிறது அந்த எட்டுப் பல்புதான். சைபர்ல தொடங்கினா 255 க்கு எட்டும் எரிஞ்சிடும். இன்னொண்டு கூட்டு எண்டா? எல்லாம் நூந்து மறுபடி சைபர். பெட்டி நினைக்கும், இப்பதான் தொடங்கியிரிக்கான் எண்டு.

1980 ல ஜப்பான்ல நாம்கோ கம்பனியில டோரு இவாத்தானி எண்டவன் பாக்மேன் செஞ்சான். மஞ்சள் வாய் ஒண்டு புள்ளியைத் திண்டுக்கிட்டு ஓடும், பேய் நாலு துரத்தும். கீழ் மூலையில எத்தினையாவது படி எண்டு பழம் வரைஞ்சு காட்டும், ஆகக் கூடினது ஏழு பழம். 256 ஆம் படிக்குப் போனா பல்பெல்லாம் நூந்துடும். ஏழுக்குக் கொறைய எண்டு நினைச்சுப் பெட்டி பழம் வரையத் தொடங்கும், எங்க நிப்பாட்டுறது எண்டு தெரியாம 256 பழம் வரையும். பழம் முடிஞ்சு, எழுத்து, இலக்கம், கோடு, கண்டது நிண்டதெல்லாம் அள்ளிக் கொட்டும். பாதித் திரை சரி, வலப் பக்கம் முழுக்க அல்லோலகல்லோலம். நம்மட கல்முனை பஸார்ல பெருநாளைக்கு முதல் நாள் மாதிரி. அதுக்கு மேல போக ஏலா.

அடுத்த வருசம், 1981 ல, நிண்டெண்டோட டொங்கி கொங். அதுல ஒவ்வொரு படிக்கும் நேரம் குடுக்கிறதுக்கு ஒரு கணக்கு: படியோட நாலைக் கூட்டிப் பத்தால பெருக்கு. 22 ஆம் படியில 26 ஐப் பத்தால பெருக்கினா 260. எட்டுப் பல்புல 260 அடங்குமா? 256 வழிஞ்சு ஓடி நாலு மிஞ்சும். அந்த நாலுக்கு எவ்வளவு நேரம் குடுக்கும்? மேல ஏறி முடிக்க முன்னமே ஆள் செத்துடுவான். நல்லா விளையாடினதுக்குக் கூலி அது. நல்லா வேலை செய்றவனுக்கே இன்னும் வேலை குடுக்கிற முதலாளிமார் கிட்ட இருந்து படிச்சிரிக்கும்.

இதுகளையெல்லாம் கேட்டுட்டு நான் நெனைச்சது என்ன தெரியுமா? குளம். இங்கினியாகலையில சேனநாயக்க சமுத்திரம் இரிக்கே, 1949 ல வேலை தொடங்கினது, நம்மட வட்டைக்குத் தண்ணி வாற இடம். அவ்வளவு பெரிய கட்டு கட்டினவன், தண்ணி கட்டுக்கு மேலயும் வரும் எண்டு நினைச்சு, வழிஞ்சு போறதுக்கு வான் வெச்சிரிக்கான். மழை கூடினா வான் பாயும், கட்டு தப்பும். வான் வெக்காம எவனும் குளம் கட்ட மாட்டான். அப்படிக் கட்டினா வட்டவிதானையே வந்து செவிட்டுல குடுப்பார். 1957 வெள்ளத்துல எனக்கு ஏழு வயசு, எத்தினை குளம் உடைஞ்சது எண்டு பெரிய ஆக்கள் திண்ணையில இருந்து விரல் விட்டுக் கதைச்சது இன்னும் காதுல கெடக்கு. பாக்மேனும் டொங்கி கொங்கும் வான் வெக்காத குளம். "எவன் இவ்வளவு தூரம் வரப்போறான்?" அந்த ஒரு வசனத்துலதான் கட்டு உடையிறது.

இதுல ஒண்டை மட்டும் பகிடியாக் கதைக்க மாட்டன். நம்மளும் அதே வசனத்தைச் சொன்னம். மருதமுனையில இருந்து சாய்ந்தமருது வரைக்கும் கடலுக்குக் காலை நீட்டிக்கிட்டு ஊடு கட்டிப் போட்டு, கடல் இவ்வளவு தூரம் வராது எண்டம். 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை காலையில வந்திச்சு. பொறகுதான் இருநூறு மீட்டர் எண்டு கோடு கீறினாங்க. உன்ட உம்மா ஏன் கடற்கரைப் பக்கம் ஊடு எடுக்க உடமாட்டா எண்டு நீ கேட்டியே ஒரு நாள். அவட்டக் கேக்காத.

நாட்டையும் பார்த்தம்தானே. கடனைக் கூட்டிக் கூட்டி, இன்னொண்டு தாங்கும் இன்னொண்டு தாங்கும் எண்டு வண்டியில ஏத்தி, 2022 ஏப்ரல் 12 ல வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலா எண்டு அறிவிச்சாங்க. அதுக்கு முன்னம் மார்ச் கடைசியில ஒரு நாளைக்குப் பதிமூணு மணித்தியாலம் கரண்ட் வெட்டு. அப்ப நீ சின்னப் பொடியன், போன்ல சார்ஜ் இல்லாம அழுத அழுகை இரிக்கே! முழு நாடும் ஹேங் ஆகிக் கெடக்கு, எந்தக் குடத்து மூடிக்கு மேல தூக்கி வெக்கிறது? எத்தினயாவது மூடையில அச்சு முறிஞ்சது எண்டு கேட்டா, அங்கயும் ஒருத்தரும் பதில் சொல்றாங்க இல்ல.

உன்ட மைன்கிராஃப்டுக்குத் திரும்பி வாறன். அந்த விளையாட்டுட பழைய பதிப்புல நடுவுல இருந்து 12,550,821 கட்டி தூரம் நடந்து போனா, பூமி உருவாக்கிற கணக்கு பிசகி, மலையெல்லாம் பொத்தல் பொத்தலாக் கிழிஞ்சு சுவர் மாதிரி நிக்குமாம். ஒரு கட்டி ஒரு மீட்டர். 12,550 கிலோமீட்டர் மனே! கொழும்புக்குப் பதினைஞ்சு தரம் போய்த் திரும்பினாலும் அந்தத் தூரம் வராது. பொறகு வந்த பதிப்புல அதைத் திருத்திட்டானுகள். கர்ட் ஜே. மேக் எண்ட ஒரு அமெரிக்கன், 2011 மார்ச்சுல தொடங்கி, அந்தப் பழைய பதிப்புலயே அந்த இடத்துக்கு நடக்கத் தொடங்கினான். குறுக்கு வழி இரிக்காம், வேணாம், நடந்துதான் போவன் எண்டு வருசக்கணக்கா நடக்கிறான். போற வழியில புள்ளையளுக்குத் தர்மக் காசும் சேர்க்கிறான். நம்மட ரோட்டால ஒவ்வொரு வருசமும் கதிர்காமத்துக்குக் கால்நடையாப் போற சனத்தைக் கண்டிரிக்காய். பொத்துவில், பாணமை, உகந்தை, அதுக்கங்கால காடு. வேகமாப் போனா பஸ் இரிக்கி எண்டு அவங்களுக்கும் தெரியும். வழியில தண்ணி குடுத்த எனக்கும் தெரியும். நடந்தாத்தான் தூரம் விளங்கும்.

டெட்ரிஸ்ல இன்னொரு புதினம். 255 ஆம் படியையும் தாண்டினா என்ன நடக்கும்? பல்பெல்லாம் நூந்து சைபர் படி வரும். 2024 அக்டோபர்ல மைக்கேல் ஆர்ட்டியாகா எண்ட பொடியன், உறையாம இரிக்கத் திருத்தின பதிப்புல விளையாடி, அங்கயும் போய்ச் சேர்ந்தான். ராக்கெட் வேகத்துல விழுந்த கல்லு, திடீரெண்டு ஆமை மாதிரி இறங்கத் தொடங்கிச்சாம். அதுக்கு அவனுகள் வெச்ச பேர் மறுபிறப்பு. நம்மட மார்க்கத்துல அது இல்ல மனே, ஹஸ்ரத் காதுல போட்டுடாத. பெட்டிக்கு மட்டும் இரிக்கிதாம்.

இப்ப என்ட பழுதான புத்தியைச் சொல்றன். விளையாட வேணாம் எண்டு நான் சொல்ல மாட்டன். சொன்னா நீ கேக்கவும் மாட்டாய், ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம். உடைக்கிறதெண்டா கணக்கோட உடை. எத்தினை கட்டிக்கு நொண்டிச்சு, எத்தினை கட்டிக்கு உறைஞ்சது, போன் எவ்வளவு சூடு, மற்ற எல்லாத்தையும் மூடிட்டு வெச்சா எவ்வளவு தாங்குது, கொப்பியில எழுது. இப்படி எழுதிக் குடுக்கிறவனுக்குக் கொழும்புல மாசச் சம்பளம் குடுக்கிறாங்க, தெரியுமா? டெஸ்டிங் எண்டு பேர். மத்தவன் கட்டினதைப் போய் உடைச்சுப் பார்த்து, இந்த இடத்துல வான் வை எண்டு சொல்ற உத்தியோகம். உடைச்சதுக்குச் சம்பளம்! என்ட வாப்பாக்கு மட்டும் இது தெரிஞ்சிருந்தா முதுகு தப்பியிருக்கும்.

வேலையும் காத்துக்கிட்டு இரிக்கி. பழைய கம்பியூட்டர் பலதும் 1970 ஜனவரி முதலாம் தேதியில இருந்து செக்கன் எண்ணிக்கிட்டு இரிக்கி. அதுகளுக்கு 32 பல்பு, அதுல ஒண்டு கழித்தல் குறிக்கு. 2,147,483,647 செக்கனோட நிரம்பிடும். அது 2038 ஜனவரி 19, நம்மட நேரத்துக்குக் காலமை 8 மணி 44 நிமிசம். அதுக்கடுத்த செக்கன் அதுகள் 1901 எண்டு நெனைச்சிக்கும். அந்தக் காலத்துல உட்கார்ந்து அதை எழுதினவனும் "எவன் இவ்வளவு தூரம் வரப்போறான்?" எண்டுதான் நினைச்சிருப்பான். அப்ப நான் இரிப்பனோ தெரியா, ஹயாத்து அல்லாஹ்ட கையில. நீ இரிப்பாய். அண்டைக்குக் காலமை எட்டரைக்குச் சாப்பிட்டுட்டு ஆயத்தமா இரி.

இன்னொரு எல்லையையும் எண்ணி வெச்சிக்கோ, இது நான் அம்பது வருசம் உன்ட மூத்தும்மாவோட குடும்பம் நடத்திப் பரிசோதிச்சது. உம்மா முதல் தரம் கூப்பிட்டா, அது செய்தி. ரெண்டாம் தரம் கூப்பிட்டா, அது எச்சரிக்கை. மூணாம் தரம் உன்ட முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டா, போனை வெச்சிட்டு ஒழும்பு. நாலாவதுக்கு அகப்பை வரும். அந்த எல்லையைத் தாண்டினா மறுபிறப்பு இல்ல.

போறியா? பொறு, ஒரு சாமான் தாறன். மேசை லாச்சியில இரிக்கி பார், விரல்ல மாட்டி அமுக்குற எண்ணுற சாமான். மக்காவுல இருந்து ஹாஜியார் ஒருத்தர் கொண்டு வந்து தந்தது, திக்ரு எண்ணுறதுக்கு. நாலு இலக்கம். போன நோன்புல ராவுல நித்திரை வராம இருந்தன். திக்ரு செஞ்சிக்கிட்டே பார்த்தா 9700 எண்டு கெடக்கு. எனக்கு ஒரு யோசனை. 9999 க்குப் பொறகு இது என்ன செய்யும்? அல்லாஹ் மன்னிக்கணும் மனே, கடைசி முன்னூறு திக்ரு இல்ல. வெறும் அமுக்கல். சஹர் பாங்கு சொல்ல முன்னம் பார்த்தன், நாலு சைபர். ஒண்டுமே நடக்காத மாதிரி. 75 வயசுக் கிழவனுக்கு அந்த இரவு வந்த சந்தோசம் இரிக்கே, உன்ட பத்தாயிரம் வெடிக்கும் வராது.

உம்மாட்டச் சொல்லாத.

இந்தா, வெச்சிக்கோ. ராவைக்கு அவ நித்திரையான பொறகு கொண்டு வா போனை. நீ அடுக்கு, நான் எண்ணுறன். பத்தாயிரம் இதுல வராது எண்டு எனக்குத் தெரியும். 9999 முடிஞ்சு சைபர் வந்தா, அந்தக் கதவு நிலையில பென்சிலால ஒரு கோடு கீறிட்டு மறுபடி தொடங்குவம். அந்தக் கோடுதான் வான்.